லைசென்ஸ் கம்பெனி கையில, விலங்கு தொழிலாளி கையிலயா?

தோழர்களே,

எல்லைக்கோடுன்னா என்னன்னு நம்ம திருபுவனை ஆளுங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இந்தப் பக்கம் கடையில காசு கொடுத்து வாங்குன பாட்டில், அந்தப் பக்கம் தமிழ்நாட்டு செக்போஸ்ட்டுல கேஸு. பாட்டில் அதேதான். கோட்டைத் தாண்டினதும் சட்டம் மாறிடுது.

பாட்டிலுக்கே இப்படின்னா, துப்பாக்கிக்கு எப்படி இருக்கும்?

2013 அக்டோபர் 12. 'சீமேன் கார்டு ஓகையோ'ன்னு ஒரு கப்பலை நம்ம கடலோரக் காவல்படை மடக்கி தூத்துக்குடிக்குக் கொண்டு வந்தது. கப்பல் அமெரிக்கக் கம்பெனியோடது. பறந்த கொடி சியரா லியோன் நாட்டோடது. உள்ள இருந்தவங்க 35 பேர்: பிரிட்டன், எஸ்டோனியா, உக்ரைன்காரங்க, அவங்களோட 12 இந்தியர்கள். கூடவே 35 துப்பாக்கி, 5,600-க்கும் மேல தோட்டா.

அவங்க கடத்தல்காரங்களா? சோமாலியா கடற்கொள்ளையர்கிட்ட இருந்து சரக்குக் கப்பல்களைக் காப்பாத்தற காவலர்கள் நாங்கன்னு சொன்னாங்க. டீசல் இல்லாம, புயலுக்குப் பயந்து கரைப்பக்கம் வந்தோம்னாங்க. நம்ம போலீஸ் சொன்னது வேற: நம்ம கடல் எல்லைக்குள்ள அனுமதியில்லாம ஆயுதத்தோட வந்தது குற்றம்.

அப்புறம் நடந்ததைப் பாருங்க. 2014-ல மதுரை உயர் நீதிமன்றக் கிளை ஆயுத வழக்கை ரத்து பண்ணுச்சு. 2015-ல உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பி, விசாரணை நடக்கட்டும்னு சொல்லிடுச்சு. 2016 ஜனவரி 11-ல தூத்துக்குடி நீதிமன்றம் 35 பேருக்கும் 5 வருஷம் சிறைத் தண்டனை கொடுத்தது. 2017 நவம்பர் 27-ல அதே மதுரைக் கிளை எல்லாரையும் விடுதலை செஞ்சது.

நாலு வருஷம் போச்சு. குற்றவாளி இல்லைன்னு தீர்ப்பு வந்துச்சு. போன நாலு வருஷத்தை யாரு திருப்பித் தருவா?

சட்டம் கடுமையா இருக்கறது தப்புன்னு நாம சொல்லல. 2012 பிப்ரவரியில கேரளக் கடல்ல 'என்ரிகா லெக்ஸி' கப்பல்ல இருந்த இத்தாலிய வீரர்கள் சுட்டதுல நம்ம மீனவர் ரெண்டு பேர் செத்தாங்க. ஆயுதம் ஏந்துன கப்பல் கரைப்பக்கம் வந்தா முதல் ஆபத்து மீனவனுக்குத்தான். அதனால கண்காணிப்பு வேணும், சோதனை வேணும். அதுல நமக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

நாம கேக்கறது ஒண்ணே ஒண்ணு. அந்தத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் எடுக்கறது யாரு? எந்தப் பாதையில கப்பல் போகணும், எங்க டீசல் போடணும்னு முடிவு பண்றது யாரு? கம்பெனி. சம்பளத்துக்கு வந்த மாலுமிகிட்ட அந்த பேப்பர் எதுவும் இருக்காது. ஆனா கோடு தாண்டிட்டா கம்பி எண்ணறது அவன்தான்.

நம்ம ஆயுதச் சட்டம் 1959-ல வந்தது. பிரிவு 3-ன்படி துப்பாக்கியோ தோட்டாவோ வச்சிருக்க லைசென்ஸ் வேணும். நாட்டு எல்லையைத் தாண்டிக் கொண்டு வரவும் போகவும் பிரிவு 10-ன்படி தனி அனுமதி வேணும். ஒரு நாட்டு லைசென்ஸ் அடுத்த நாட்டுல தானா செல்லாது. விமான நிலையத்துல பையில ஒரே ஒரு தோட்டா கிடைச்சாலும் வழக்குதான். "தெரிஞ்சு வச்சிருந்தாத்தான் குற்றம்"னு 1972-லயே குன்வந்த்லால் வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. ஆனா தெரியாதுன்னு நிரூபிச்சு வெளிய வர்றதுக்குள்ள விசாவும் போயிடும், வேலையும் போயிடும்.

திருபுவனை, மண்ணாடிப்பட்டு, வில்லியனூர், பாகூர்னு எந்த ஊர்ப் பையனா இருந்தாலும், "கப்பல்ல செக்யூரிட்டி வேலை, டாலர்ல சம்பளம்"னு ஏஜெண்ட் சொன்னா உடனே பையைத் தூக்காதீங்க. கப்பல் வேலைன்னா அந்த ஏஜெண்ட்டுக்கு மத்திய கப்பல் துறை இயக்குநரகத்தோட உரிமம் இருக்கான்னு பாருங்க. மத்த வெளிநாட்டு வேலைன்னா இ-மைக்ரேட் தளத்துல பதிவு பண்ணின ஏஜெண்ட்தானான்னு பாருங்க. ஆயுதம் இருக்கற கப்பலா, எந்த நாட்டுக் கொடி, லைசென்ஸ் யார் பேர்லன்னு எழுத்துல கேளுங்க. அடுத்தவங்க கொடுக்கற பார்சலைத் தொடாதீங்க. பழைய பையை எடுத்துட்டுப் போனா மூலை முடுக்கெல்லாம் தட்டிப் பாருங்க.

அரசுகிட்ட நம்ம கோரிக்கை மூணு:

1. ஆயுதக் கப்பல் வழக்குல, அனுமதி வாங்க வேண்டிய கம்பெனியும் அதோட அதிகாரியும்தான் முதல் குற்றவாளியா இருக்கணும்.

2. கைதாகற இந்தியத் தொழிலாளிக்கு முதல் நாள்ல இருந்தே இலவச வக்கீல் வேணும். வழக்கு முடியற வரைக்கும் குடும்பத்துக்கு உதவித்தொகை வேணும்.

3. வெளிநாட்டு வேலைக்குப் போறவங்க சரிபார்க்க சென்னைக்கு அலையக் கூடாது. புதுச்சேரி கிராமப்புற கொம்யூன் அலுவலகங்கள்லயே உதவி மையம் வேணும்.

எல்லையைக் காக்கற சட்டம் இருக்கட்டும். அதுல உழைக்கிறவனைக் காக்கறதுக்கும் ஒரு வரி இருக்கட்டும்.

வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பற தம்பி யாராவது உங்க தெருவுல இருந்தா, இதை அவருக்கு அனுப்புங்க தோழர்களே.

#தொழிலாளிக்கு_நீதி #திருபுவனை