முடிவுத் திகதி இல்லை என்பது வாக்குறுதி அல்ல

லினக்ஸ் பாவனையாளரிடையே ஒரு தவறான நம்பிக்கை வேரூன்றியுள்ளது. பதிப்பு எண் எதுவுமின்றி இடையறாது புதுப்பிக்கப்படும் வழங்கல் ஒன்றை நிறுவிவிட்டால், ஆதரவு எப்போது முடியும் என்ற கவலையே வேண்டியதில்லை என்பதே அது. ரோலிங் ரிலீஸ் எனப்படும் இம்முறைக்கு ஆர்ச் லினக்ஸும் ஓப்பன்சூசே டம்பிள்வீடும் நன்கறிந்த உதாரணங்கள்.

இந்த நம்பிக்கை பிழையானது. டெபியனின் நிலையான பதிப்பு ஒன்றுக்கு முதலில் மூன்று ஆண்டுகளும், நீண்டகால ஆதரவாக மேலும் இரண்டு ஆண்டுகளும் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கின்றன. பெரும்பாலான மென்பொருட்கள் பழைய பதிப்பிலேயே இருக்க, ஓட்டை மட்டும் அடைக்கப்படுகிறது. ரோலிங் முறையிலோ திருத்தம் பெரும்பாலும் புதிய பதிப்போடு சேர்ந்தே வருகிறது. நேற்றைய நிலையில் நிற்பவருக்கு இன்று ஆதரவு இல்லை. ஆறு மாதம் புதுப்பிக்கப்படாத ஆர்ச் கணினி, ஆதரவு முடிந்த கணினியே. சில பொதிகளை மட்டும் தெரிவுசெய்து புதுப்பிப்பதையும் ஆர்ச் ஆதரிப்பதில்லை. 32 பிட் கணினிகளைக் கைவிடுவதாக 2017 ஜனவரியில் அறிவித்த ஆர்ச், அதே ஆண்டு நவம்பரில் அவற்றுக்கான ஆதரவை முற்றாக நிறுத்தியது.

ஆயினும் ஆர்ச்சைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த முடியாது. கொடுக்காத வாக்கை அது மீறவில்லை. கூண்டில் நிற்கவேண்டியவர்கள் திகதி குறித்துக் கொடுத்துவிட்டு அதை அழித்தவர்களே.

2019 செப்டெம்பரில் வெளியான சென்ட்ஓஎஸ் 8 இற்கு 2029 வரை ஆதரவு என்று கூறப்பட்டிருந்தது. அதை நம்பியே நிர்வாகிகள் தமது வழங்கிகளை அதற்கு மாற்றினர். 2020 டிசெம்பர் 8 ஆம் திகதி அறிவிப்பு வந்தது: 2021 டிசெம்பர் 31 உடன் எல்லாம் முடிந்துவிடும்! ஏழு ஆண்டுகளுக்கும் மேலான ஆதரவு ஒரே அறிவிப்பில் பறிபோனது. பழைய 7 ஆம் பதிப்போ தனக்குரிய 2024 ஜூன் வரை வாழ்ந்தது. மாற்றாகக் காட்டப்பட்டது, ரெட் ஹட்டின் அடுத்த சிறு பதிப்புக்கு முன்னால் ஓடும் சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீம். அசையாத தளம் கேட்டவனிடம் ஓடும் நீரைக் காட்டினார்கள். அந்த ஸ்ட்ரீம் 8 உம் 2024 மே மாதத்தில் நின்றுவிட்டது.

இலவசமாகக் கிடைத்ததற்கு முறைப்பாடு எதற்கு என்று சிலர் கேட்கின்றனர். பணம் வாங்கவில்லை என்பது மெய்யே. ஆனால் நம்பிக்கையை வாங்கினார்கள். அந்தத் திகதிக்காகவே வேறு வழங்கல்களை ஒதுக்கியவர்கள் ஏராளம். இடம்பெயரும் உழைப்பும் செலவும் அவர்கள் தலையிலேயே விழுந்தன. 2021 இல் அல்மாலினக்ஸும் ரொக்கி லினக்ஸும் பிறந்து, 8 ஆம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவளிக்க முன்வந்தமை அந்த வெற்றிடத்துக்குக் கிடைத்த பதில்.

எனவே ஒரு வழங்கலைத் தெரிவுசெய்கையில் ஆதரவு எத்தனை ஆண்டு என்று கேட்பது மட்டும் போதாது. அந்தத் திகதியை மாற்றும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதையும் கேட்கவேண்டும். ரோலிங் வழங்கலை நாடுவோர், வாரந்தோறும் அதைப் பராமரிக்கத் தம்மிடம் ஆள் உண்டா என்பதையும் கேட்டுக்கொள்ளட்டும்.