பிரேசில் பனியும் நம் டபராவும்

காபித்தூள் கடைகளில் விலைப்பலகையைப் பார்த்திருப்பீர்கள். பெயின்டில் எழுதிய காலம் போய், ஒட்டிக் கிழித்து மறுபடி ஒட்டும் ஸ்டிக்கர் காலம் வந்துவிட்டது. "இப்பத்தானே ஏத்தினீங்க?" என்றால் கடைக்காரர் கையை விரிக்கிறார். வாங்க வந்தவர் கொஞ்சம் யோசித்து, "எண்பதுக்கு இருபது வேணாம், எழுபதுக்கு முப்பதாப் போடுங்க" என்கிறார். சிக்கரி கூடிய விஷயத்தை வீட்டில் சொல்வதில்லை. மாமனார் மட்டும் முதல் வாய் குடித்துவிட்டு, டபராவை ஒரு பார்வை பார்ப்பார்.

கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. நாம் புரட்டிவிட்டுப் போன வெளிநாட்டு வானிலைச் செய்தியில்தான் காரணம் இருக்கிறது.

2021 ஜூலை 20. நமக்கு ஆடி மாதம், பிரேசிலில் நடுக்குளிர்காலம். அந்நாட்டின் காபி களஞ்சியமான மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் விடிகாலையில் உறைபனி இறங்கியது. காபிச் செடி வெயிலைக்கூட ஓரளவு தாங்கிவிடும், உறைபனியைத் தாங்காது. நெருப்பில் வாட்டியதுபோல் இலைகள் கருகிவிடும். பட்டுப்போன செடியைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக நட்டால், காய்க்க மூன்று வருஷம் ஆகும். ஆக, ஒரு ராத்திரிக் குளிருக்கு மூன்று வருஷத் தண்டனை. அடுத்த சில நாட்களிலேயே நியூயார்க் சந்தையில் அராபிகா விலை ஏறக்குறைய ஏழு ஆண்டுகளில் இல்லாத உயரத்துக்குப் போனது.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. 1975 ஜூலை 18-ம் தேதி, பிரேசிலின் பரானா மாநிலத்தில் 'கறுப்பு உறைபனி' விழுந்தது. காற்றில் ஈரம் குறைவு என்பதால் வெளியே வெள்ளைப் பனி படியவில்லை. செடிக்குள் ஓடும் சாறே உறைந்து தோட்டங்கள் கறுத்துப்போயின. 1977-ல் காபி விலை உலகச் சாதனை படைத்தது. பரானாவில் ஏராளமானோர் காபியைக் கைவிட்டு சோயாவுக்கும் மாட்டுப் பண்ணைக்கும் மாறினார்கள். காபி வடக்கே, மினாஸ் பக்கம் நகர்ந்தது. அந்த 1977 விலையைப் பிறகு 47 வருஷம் எதுவும் தாண்டவில்லை. தாண்டியது 2024 டிசம்பரில். இந்த முறை காரணம் பனி அல்ல, பிரேசிலின் கடும் வறட்சி.

அதே ஆண்டில் வியட்நாமும் காய்ந்தது. ரோபஸ்டா காபியில் உலகின் முதலிடம் அந்த நாட்டுக்குத்தான். அங்கே மத்திய மலைநாட்டில் கிணறுகள் வற்றின. விலை மலிந்து கிடந்த காலத்தில் காபியை வெட்டிவிட்டு, சீனச் சந்தைக்காக துரியன் பழ மரம் வைத்தவர்கள் ஏற்கெனவே நிறைய. இரண்டும் சேர்ந்து, லண்டன் சந்தையில் ரோபஸ்டாவும் சாதனை விலையைத் தொட்டது.

நம் தொலைக்காட்சிகளில் வெளிநாட்டு வானிலை என்றால் கார் மிதக்கும் காட்சி, கூரை பறக்கும் காட்சி. வறட்சி அப்படி வீடியோவில் அகப்படாது. மழை பெய்யாத வானத்தை எப்படிப் படமெடுப்பது? ஆனால், நம் பர்ஸில் கை வைப்பது பெரும்பாலும் அதுதான்.

நம் ஊர் மழையும் இப்படி மற்றவர் சமையலறைக்குள் நுழைந்திருக்கிறது. 2023 ஜூலை 20-ல் (அதே தேதி, தற்செயல்தான்) பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கு இந்தியா தடை விதித்தது. உள்நாட்டு விலையேற்றம் ஒரு காரணம், எல் நினோ பயம் இன்னொன்று. அமெரிக்காவில் இந்தியக் கடைகளின் வாசலில் நம்மவர்கள் வரிசை கட்டி, சோனா மசூரி மூட்டைகளை அள்ளிய வீடியோ உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். பயம் வீணாகவில்லை, 1901-லிருந்து உள்ள கணக்கில் இந்தியாவில் மிகக் குறைவாக மழை பெய்த ஆகஸ்ட் அந்த ஆண்டுடையதுதான். உலகச் சந்தையில் அரிசி விலை 15 ஆண்டு உச்சத்துக்குப் போனது. தடை நீங்க 2024 செப்டம்பர் ஆயிற்று.

எங்கள் ஆதங்கம் ஒன்று உண்டு. விலை ஏறும் செய்தி விமானத்தில் வருகிறது. இறங்கும் செய்தி மாட்டுவண்டியில் வருகிறது. வானத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு இடையில் லாபம் பார்ப்பவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. காபிப் பழம் பறிக்கும் கூலிக்காரருக்கு அந்த விலையில் எத்தனை பங்கு போகிறது என்று யாரும் கேட்பதில்லை.

குடகிலும் ஏற்காட்டிலும் காபி பயிரிட்டவர்களுக்கு நல்ல விலை கிடைத்ததே என்பீர்கள். கிடைத்தது, கையில் சரக்கு வைத்திருந்தவர்களுக்கு. கோடையின் தொடக்கத்தில் ஒரு நல்ல மழை பெய்தால்தான் செடி பூக்கும். அது தள்ளிப்போனால் மகசூல் அடிவாங்கும். பறித்த பழம் களத்தில் காயும்போது மழை வந்தால் சரக்கின் தரம் போய்விடும். பிரேசிலில் மழை பெய்தால் விலை இறங்குமே என்கிற கவலை இதற்கு மேல். ஒரு கண் செல்போனில் லண்டன் விலையில், இன்னொரு கண் மேகத்தில். தார்ப்பாயைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு களத்து ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார் நம் விவசாயி.