பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு ரவுட்டர் மேசை

சென்ற மாதம் பதுளைக்கு என்னைப் பார்க்க வந்த அக்காள் மகன், கையடக்கத் தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான். வார்ப்பிரும்பு மேற்பலகை, நான்கு இரும்புக் கால்கள், பளபளக்கும் அளவுகோல். "தவணைக்குத் தர்றாங்க மாமா. வாங்கிடலாமா?" என்றான். தச்சுத் தொழிலில் பயிற்சி முடித்துச் சான்றிதழ் பெற்றவன். கையில் ஏற்கனவே 700 வாட் ரவுட்டர் ஒன்று இருக்கிறது. அதைக் கவிழ்த்துப் பொருத்தி வேலை செய்வதற்கான மேசைதான் அவன் கேட்டது.

மேசையின் மேற்பரப்பு 24க்கு 32 அங்குலம். அவன் வாழ்வதோ பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில். காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. அதற்குள் அக்காள், அத்தான், பரீட்சைக்குப் படிக்கும் தங்கை, இவன். முன்னால் ஓர் இஸ்தோப்பு. அந்தக் காம்பராவை நான் நன்கு அறிவேன்; பிறந்ததே அங்குதான்.

ஸ்காபரோவிலோ சிட்னியிலோ தனிக் கராஜ் வைத்திருக்கும் அன்பர்களுக்கு இது ஒரு பொழுதுபோக்குக் கேள்வியாகத் தோன்றலாம். இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளும் அவர்களை எண்ணி எழுதப்பட்டவையே. 'சிறிய இடம்' என்று அங்கு சொல்லப்படுவதில் ஒரு மோட்டார் வண்டி நிற்கும். லயத்தில் சிறிய இடம் என்பது, இரவில் பாய் விரிப்பதற்காகப் பகலில் எல்லாவற்றையும் ஒதுக்கி வைக்க வேண்டிய இடம்.

மேசை அடைத்துக்கொள்ளும் இடம் ஐந்து சதுர அடியும் சொச்சமும்தான். ஆனால் ரவுட்டர் மேசையில் பிட் நின்ற இடத்திலேயே சுழலும்; மரமே நகரும். ஆறடிச் சட்டமொன்றுக்கு விளிம்பு வெட்ட வேண்டுமானால், பிட்டுக்கு முன்னால் ஆறடி, அதைக் கடந்த பின் ஆறடி, ஆகப் பன்னிரண்டு அடி வெறுமையாக இருந்தாக வேண்டும். காம்பராவின் முழு நீளமும் அவ்வளவுதான். அலுமாரியையும் கட்டிலையும் எங்கே வைப்பது? இஸ்தோப்பின் நீளவாக்கில் வைத்தால் மரத்தின் நுனி பக்கத்து வீட்டு வாசலில் போய் நிற்கும்.

ஆகவே அவனிடம் நான் முதலில் கேட்டது விலையை அல்ல. "உனக்கு வரும் வேலைகள் என்ன?" என்று கேட்டேன். கதவு நிலை, யன்னல் சட்டம், சாமி மாடம், படச்சட்டம், சிறு அலுமாரி என்றான். நீளமான நிலையையும் சட்டத்தையும் இரண்டு மரக்குதிரைகளின் மேல் வைத்துக் கவ்வியால் இறுக்கி, ரவுட்டரைக் கையில் பிடித்து ஓட்டுவதே நல்லது. கையால் பிடிக்க இயலாத ஒடுங்கிய துண்டுகளுக்குத்தான் மேசை தேவை. அவை பெரும்பாலும் இரண்டு மூன்று அடிக்கு மேற்படா. அப்படியானால் இரும்புக் கால்கள் எதற்கு?

என் பரிந்துரை இது. 18 மி.மீ. ப்ளைவுட்டில் ஒன்றரைக்கு இரண்டடிப் பலகை. எம்.டி.எஃப். மலிவுதான், ஆனால் ஒக்டோபரில் மழை தொடங்கினால் நம் பக்கத்து ஈரத்தில் அது ஊதிப்போகும். நடுவில் சதுரமாக வெட்டி, ஆறு மி.மீ. அலுமினியத் தகட்டைப் பலகையோடு சமமாகப் பதித்து, அதில் ரவுட்டரைத் தொங்கவிட வேண்டும். தடித்த பலகையிலேயே நேராகப் பொருத்தினால் சிறிய ரவுட்டரின் பிட் மேலே போதிய அளவு எட்டாது. பலகையின் பின்விளிம்பைக் கீல் வைத்து இஸ்தோப்புச் சுவரில் மாட்டலாம். வேலை முடிந்ததும் ரவுட்டரைக் கழற்றிவிட்டு மடித்துவிட்டால் ஆள் நடக்க வழி கிடைக்கும்.

மரத்தை ஒட்டித் தள்ளுவதற்கான நேர்ச்சட்டத்தை 'ஃபென்ஸ்' என்பார்கள். அதற்காகவே பலர் விலையுயர்ந்த மேசையை வாங்குகிறார்கள். மேசை வாளில் இந்தச் சட்டம் வாளுக்கு இணையாக இருந்தேயாக வேண்டும். ரவுட்டரின் பிட்டோ வட்டமானது. சட்டம் எந்தக் கோணத்தில் இருந்தாலும் வெட்டு ஒன்றுதான். ஆகவே நேரான ஒரு மரத்துண்டு, ஒரு முனையில் ஒரு போல்ட், மறுமுனையில் ஒரு கவ்வி போதும். பளபளக்கும் அளவுகோல் நமக்கு வேண்டியதில்லை.

ஒன்றில் மட்டும் சிக்கனம் கூடாது. ஆளி! மேசைக்குக் கீழே தொங்கும் ரவுட்டரை எப்போதும் 'ஓன்' நிலையில் பூட்டிவிட்டு, பிளக்கில் அணைத்துப் போடுவது பலரின் வழக்கம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. மின்சாரம் போனபின் பிளக்கை அணைக்க மறந்துவிட்டால், அது திரும்பும் கணத்தில் நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்றில் பிட் தானே சுழலத் தொடங்கும். பிள்ளைகள் ஓடியாடும் இஸ்தோப்பில் அது எத்தகைய ஆபத்து! மின்சாரம் அறுந்தால் தானே விழுந்து, மீண்டும் அழுத்தினாலன்றி இயங்காத ஆளி கடைகளில் கிடைக்கிறது. தவணைக் காசில் ஒரு பங்கை அதற்குக் கொடுக்கலாம். பெரிய ரவுட்டருக்கு ஆசைப்படுவோருக்கும் ஒரு சொல்: 1,600 வாட் என்றால் ஏழு அம்பியர். ஐந்து அம்பியர் பிளக்கில் அதை மாட்டக்கூடாது.

எனக்கு உண்மையில் கவலை தருவது தூள். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது எனச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1995 இலேயே வகைப்படுத்திவிட்டது. தோட்டத்தில் எளிதில் கிடைப்பது நிழலுக்கு நட்ட சவுக்கு மரம், அதாவது கிரெவில்லியா. அதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பையும் கொப்புளத்தையும் உண்டாக்கும். அக்காளுக்கு ஏற்கனவே இழுப்பு. காம்பராவுக்குள் ஒருநாளும் ரவுட்டரை ஓட்டாதே என்று கண்டிப்பாகச் சொன்னேன். அவன் தலையாட்டினான். மழைநாளில் இஸ்தோப்பு நனையும்போது, கையில் வேலை நெருக்கும்போது, அந்தத் தலையாட்டல் எவ்வளவு தூரம் நிற்கும் என்பது எனக்குத் தெரியும்.

இளைஞர்களுக்குப் பயிற்சியும் கடனும் இயந்திரமும் தருவோர் பலர். படம் எடுத்துக்கொள்கிறார்கள், நானும் பத்திரிகையில் அப்படங்களைப் போட்டிருக்கிறேன். இயந்திரத்தை வைக்க நான்கு சுவர் உண்டா என்று கேட்டவரை நான் சந்தித்ததில்லை. அவர்களை மட்டும் குறை சொல்வானேன், அந்தச் செய்திகளை எழுதிய நானும் கேட்டதில்லை. புதிய வீட்டுத் திட்டத்தில் ஏழு பேர்ச் காணி பெற்றவருக்கு 1,900 சதுர அடி நிலம். 550 சதுர அடி வீடு போகப் பின்புறம் ஒரு கொட்டில் போடலாம். லயத்தில் இருப்பவருக்கு அதுவும் இல்லை. 1992 இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போயின; லயத்தின் சுவர் இன்னும் குடியிருப்பவருடையதாகவில்லை. ஒவ்வொரு தோட்டத்திலும் வெறுமையாகக் கிடக்கும் ஒரு பழைய கட்டடத்தைப் பொதுத் தச்சுக்கூடமாக்கிக் கொடுத்தால், பத்து இளைஞர்கள் பத்துத் தவணை கட்ட வேண்டியதில்லை. வார்ப்பிரும்பு மேசைக்கு உரிய இடம் அதுவே.

மருமகன் தவணைப் படிவத்தை இன்னும் நிரப்பவில்லை. நேற்று மாலை தொலைபேசியில் அழைத்தான். ப்ளைவுட் வாங்கிவிட்டானாம், பக்கத்து வீட்டாரும் பகலில் வேலை செய்யச் சம்மதித்துவிட்டார்களாம்.

"கீல் மாட்டச் சுவருல நாலு ஓட்டை போடணும் மாமா. ஆபிசுல கேக்கணுமா?"

கேட்டுவிட்டே போடு என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.