அறுபது நாள் அதிகாரம்

வயலில் தெளிக்கும் விஷத்துக்கு "மருந்து" என்று பெயரிட்டவர் யாரோ, அறியோம். அப்பெயரால் விளைந்த கேடு கொஞ்சமன்று. மருந்தென்பது நோய் தீர்ப்பதன்றோ? ஆதலால் அதை அடுப்பங்கரையில் வைக்கவும், வெறுங்கையால் கலக்கவும், காலியான டப்பாவைக் கழுவி வேறொன்றுக்கு உபயோகிக்கவும் ஜனங்கள் அஞ்சுவதில்லை. 2013-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில், பீஹாரில் சாரண் ஜில்லாவிலுள்ள ஒரு பள்ளிக்கூடத்தில் மத்தியான உணவை உண்ட 23 குழந்தைகள் மாண்டார்கள். சமையல் எண்ணெயில் மானோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது.

இத்தகைய விஷங்களிற் பல ஆர்கனோபாஸ்பரஸ் இனத்தைச் சேர்ந்தவை. நரம்பு தசைக்கு இடும் கட்டளையை அசிட்டைல்கோலின் என்னும் பொருள் கொண்டு செல்கிறது. வேலை முடிந்தவுடன் அதை அழிக்க உடம்பில் ஒரு நொதி உண்டு. விஷம் அந்த நொதியைக் கட்டிப்போடுகிறது. உடனே கட்டளை ஓயாது தொடர்கிறது. கண்மணி குண்டூசி முனைபோற் சுருங்கும்; எச்சிலும் வேர்வையும் பெருகும்; வாந்தி, பேதி, தசைத் துடிப்பு உண்டாகும்; முடிவில் மார்பில் நீர் கோத்து மூச்சு நிற்கும். உட்கொண்டாலன்றி இவ்வாறு நேராதென்று எண்ணுதல் பிசகு. தோல் வழியாகவும் சுவாச வழியாகவும் இவ்விஷம் ஏறும். 2017-ல் மஹாராஷ்டிரத்து யவத்மால் ஜில்லாவில் இருபது பேருக்கு மேல் இறந்தது, பருத்திக்கு மருந்தடிக்கப் போய்த்தான்.

மாற்று இல்லாமலில்லை. அட்ரோப்பினை, மார்பிலுள்ள நீர் வற்றி மூச்சு தெளியும் வரையில், சில நிமிஷங்களுக்கொருமுறை அளவை இரட்டித்து வைத்தியர் ஊசி வழியே செலுத்துகிறார். ஆனால் திருவிடந்தைப் பக்கத்தில் ஒருவன் வரப்பில் மயங்கி விழுந்தால், செங்கற்பட்டு அரசாங்க வைத்தியக் கல்லூரி ஆஸ்பத்திரி ஏறக்குறைய முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. 108 வண்டி வருமுன் சுற்றி நிற்பவர் செய்வதென்ன? உப்பு நீரைப் புகட்டுகிறார்கள். தொண்டையில் விரலை விட்டு வாந்தி எடுக்கச் செய்கிறார்கள். நினைவு தப்பியவனுக்கு அது நுரையீரலிற் புகுந்து எமனாகும். வேண்டுவது வேறு. நனைந்த உடையைக் களைந்து சோப்பும் நீரும் கொண்டு உடம்பைக் கழுவுக. கழுவுகிறவர் தம் கைக்கு உறை போட்டுக்கொள்க. இடப்பக்கம் சாய்த்துக் கிடத்துக. விஷப் புட்டியையும் வண்டியில் ஏற்றியனுப்புக. மறுநாள் எழுந்து உட்கார்ந்தான் என்று வீட்டுக்கு அழைத்துப் போதலும் கூடாது. இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் கழுத்தும் சுவாசத் தசைகளும் தளர்ந்து மூச்சு நின்றுபோவதை, 1987-ல் இலங்கை வைத்தியர்களான சேனநாயக்கரும் கரலியத்தரும் உலகுக்கு எடுத்துரைத்தனர்.

வைத்தியம் இவ்வளவு ஓட்டமும் நாட்களும் கேட்பதனாலேயே, கடையில் விஷத்தைத் தடுப்பது முதற் காரியமாகிறது. 1958-ல் கேரளத்தில் பாரத்தியான் கலந்த கோதுமை மாவினால் நூறு பேருக்கு மேல் மடிந்தார்கள். அந்தச் சாவுகளுக்குப் பின் பூச்சிக்கொல்லிச் சட்டம் பிறக்கப் பத்து வருஷம் சென்றது. 1968-ஆம் வருஷத்திய அச்சட்டத்தின் 27-ஆம் பிரிவைப் படிக்கும் எந்த வக்கீலுக்கும் சிரிப்பும் வெட்கமும் ஒருங்கே வரும். மாநில சர்க்கார் ஒரு விஷத்தைத் தடுக்கலாம், எத்தனை காலம்? 60 நாள். விசாரணை முடியாவிட்டால் இன்னும் 30 நாள். அதற்குமேல் டெல்லி மனம் வைக்கவேண்டும். 2022 கழிந்து 2023 பிறந்த தறுவாயில் தமிழ்நாடு மானோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ் உள்ளிட்ட ஆறு மருந்துகளைத் தடுத்தபோது, அந்த உத்தரவின் ஆயுள் 60 நாளே. நெற்பயிரின் ஆயுள்கூட அதைவிட அதிகம்!

இலங்கை 1984-ல் பாரத்தியானையும், 1995-ல் மானோகுரோட்டோபாஸ் முதலிய கொடிய விஷங்களையும், 1998-ல் எண்டோசல்பானையும் விலக்கிற்று. 1995-ல் லட்சம் பேருக்கு 57 ஆக இருந்த தற்கொலை 2015-ல் 17 ஆகக் குறைந்தது. மனத்துயரம் அத்தீவை விட்டு ஓடிவிடவில்லை. ஒரு நாழிகைக் கலக்கத்தில் கைக்கெட்டிய புட்டியின் கொடுமை குறைந்தது. இதனால் விளைச்சல் வீழ்ந்ததென்று ஆராய்ந்தவர் கண்டிலர். (2021-ல் ரசாயன உரம் முதலிய யாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தி அங்கே நெல்லை இழந்தது வேறு கதை.) மானோகுரோட்டோபாஸ் 36 சதவீதத் திரவத்தை மத்திய சர்க்கார் விலக்கியதோ 2023-ல், இருபத்தெட்டு வருஷம் பிந்தி.

27-ஆம் பிரிவிலுள்ள நாட்கணக்கை நீக்கித் தன் குடிகளைக் காக்கும் முழு அதிகாரத்தை மாநிலத்துக்கு அளிக்கும்படி, நமது பார்லிமெண்டு அங்கத்தினர் கட்சி பேதமின்றிக் கேட்கவேண்டும். அதுவரையில் 26-ஆம் பிரிவு இருக்கவே இருக்கிறது. விஷம் ஏறிய ஒவ்வொரு சம்பவத்தையும் தெரிவிக்கும்படி மாநில சர்க்காரே உத்தரவிடலாம், டெல்லியைக் கேட்கவேண்டுவதில்லை. எந்தத் தாலுகாவில், எந்த விஷத்தால், எத்தனை பேர் என்பதை மாதந்தோறும் பிரசுரம் செய்யட்டும். செங்கற்பட்டு ஜில்லாவிலேயே தொடங்கலாம்.