ஊசி போட்டுக்கொள்ளுங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள்



"மாத்திரையைக் குப்பையில் போடுங்கள், அக்குபஞ்சரில் முகவலி ஏழே நாளில் போகும்." நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் வந்த செய்தி இது. பதினெட்டுப் பேர் கட்டைவிரலை உயர்த்தியிருக்கிறீர்கள். அதில் இரண்டு பேர் என்னிடமே அறிவியல் படித்தவர்கள்!

ஸ்ரீரங்கத்தில் இருக்கும் என் அத்தை மகளுக்கு ஆறு வருடமாக ட்ரைஜெமினல் நியூரால்ஜியா என்ற முகநரம்பு வலி. பல் துலக்கினால், மோர் சாதம் மென்றால், ஒன்றாம் நம்பர் பஸ் காவிரிப் பாலம் ஏறியதும் ஜன்னல் காற்று கன்னத்தில் பட்டால், கரண்ட் அடித்ததுபோல் துடித்துப்போவார். பல்வலி என்று நினைத்து இரண்டு நல்ல பற்களைப் பிடுங்கிய பிறகுதான் நோயே தெரிந்தது. (இந்த நோயில் பலருக்கும் நடப்பதுதான்.) கார்பமாசெபின் மாத்திரைதான் அவரை மறுபடி சாப்பிட வைத்தது. யாரோ ஒரு ஹீலர் சொன்னார் என்று அதை ஒரே நாளில் நிறுத்தினார். மூன்று வாரம் வலி இல்லை, ஒரே கொண்டாட்டம். நான்காவது வாரம் தண்ணீர்கூட இறங்கவில்லை.

அந்த மூன்று வாரத்தைத்தான் கவனிக்க வேண்டும். இந்த வலி தானாகவே வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அடங்கும், பிறகு திரும்பும். அடங்கும் நேரத்தில் யார் தொட்டாரோ அவருக்குப் பெயர்!

நான் அக்குபஞ்சருக்கு எதிரி இல்லை. பல் சிகிச்சைக்குப் பின் வரும் வலிக்கு ஊசி உதவுகிறது என்று 1997-லேயே அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு சொன்னது. தாடை வலியிலும் சிலருக்கு ஆறுதல் கிடைக்கிறது. முகநரம்பு வலிக்கு ஆதாரம் மெலிந்ததுதான். இருந்தாலும் மாத்திரையோடு சேர்த்துப் போட்டுப் பாருங்கள், யார் வேண்டாம் என்றது? ஊசி புதிதா என்று பாருங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். வலி குறைந்தால் மாத்திரையைப் படிப்படியாகக் குறைப்பது, எழுதிக்கொடுத்த டாக்டரின் வேலை. கார்பமாசெபின் வலிப்பு நோய்க்கும் கொடுக்கிற மருந்து. வலிப்பு உள்ளவர்கள் அதைத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

"பக்கவிளைவு இல்லையா டீச்சர்?" உண்டு. தலை சுற்றும், தூக்கம் வரும், ரத்தத்தில் சோடியம் குறையலாம். தோலில் தடிப்பு வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் ஓட வேண்டும். இதையெல்லாம் மறைக்காமல் சொல்கிறவரை விட்டுவிட்டு, பக்கவிளைவே கிடையாது என்பவரிடம் போவது எந்த ஊர்க் கணக்கு?

2019-ல் மத்திய அரசே அக்குபஞ்சரை அங்கீகரித்துவிட்டதே என்பீர்கள். ஆமாம். ஊசி போடக் கொடுத்த அங்கீகாரம் அது. இன்னொருவர் எழுதிய மருந்துச் சீட்டைக் கிழிக்க அல்ல.

வெற்றிலை புகையிலை போடும் பெரியவர்களுக்கு ஒன்று. வாயில் மூன்று வாரமாக ஆறாத புண் இருந்தால் ஊசியும் வேண்டாம், கைமருந்தும் வேண்டாம். நாளைக்குக் காலையிலேயே புத்தூர் அரசு மருத்துவமனைக்குப் போய்க் காட்டுங்கள்.