பயணப்பெட்டியின் விலை எங்கே தீர்மானமாகிறது?

மெட்டுகுடாவில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் ஆய்வு மாணவருக்கு ரயில் தொலைவான பொருளன்று. மெட்ரோவில் ஒரு நிறுத்தம் கடந்தால் செகந்தராபாத் கிழக்கு. எதிர்த்திசையில் ஒரு நிறுத்தம் சென்றால் தார்நாக்கா. அங்கிருந்து ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகமும் உஸ்மானியாவும் கைக்கெட்டும் தூரம். சுற்றிலும் ரயில்வே குடியிருப்புகள். அருகிலேயே நிஜாம் காலத்து ரயில்வே 1893இல் தொடங்கிய லாலாகுடா பணிமனை. இத்தனை தூரம் ரயிலோடு கலந்த ஒரு பகுதியில், பருவ இறுதியில் ஊருக்குப் புறப்படுபவர்கள் வாங்கும் பெட்டிகள் மட்டும் ரயிலுக்காகச் செய்யப்பட்டவையாக இல்லை. இணையத் தள்ளுபடியில் கிடைத்த, நான்கு சக்கரமும் பளபளக்கும் கடின ஓடும் கொண்ட 28 அங்குலப் பெட்டி விமான நிலையத்துக்கு உரியது. அதை இழுத்துக்கொண்டு அவர்கள் ஏறுவதோ சார்மினார் விரைவு வண்டியின் படுக்கை வசதிப் பெட்டியில். அல்லது சேலம், ஈரோடு, கோவை வழியே ஒரு நாளுக்கும் மேலாக ஓடும் சபரியில்.

இது ரசனை பற்றிய குறை அன்று, கணக்கு பற்றியது. மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் உதவித்தொகை பெறாத முனைவர் பட்ட மாணவருக்குப் பல ஆண்டுகளாக மாதம் 8,000 ரூபாய்தான் வழங்கப்படுகிறது. அந்தத் தொகையில் நாலில் ஒரு பங்கைப் பெட்டிக்குக் கொடுத்து, இரண்டாவது பயணத்திலேயே அதன் சக்கரம் கழன்றுவிட்டால், அது மலிவான பெட்டியன்று. பெட்டியின் விலை கடையில் தெரிந்துவிடுகிறது. அதற்கு ஆகும் செலவு வழியில்தான் தெரியவருகிறது.

சக்கரம் வைத்த பெட்டியின் வரலாறே இதைச் சொல்லும். அமெரிக்காவில் பெர்னார்ட் சாடோ படுக்கைவாக்கில் வாரால் இழுக்கும் பெட்டிக்குக் காப்புரிமை பெற்றது 1972இல். இன்று காணும், நிமிர்த்தி நீள்கைப்பிடியால் இழுக்கும் பெட்டியை 1987இல் உருவாக்கியவர் ராபர்ட் பிளாத் என்ற விமானி. இரண்டுமே விமானப் பயணத்தின் குழந்தைகள். சக்கரம் தன்னளவில் எடையைக் குறைப்பதில்லை. எடையைத் தரையிடம் ஒப்படைக்கிறது. தரை வழுவழுப்பாக, படியின்றி, தொடர்ச்சியாக இருக்கும்வரை அந்த ஒப்பந்தம் செல்லும். ரயில் பயணத்திலோ நடைமேம்பாலத்தின் படிகள் வந்ததும் ஒப்பந்தம் முறிகிறது. முழு எடையும் கைக்குத் திரும்புகிறது. பிறகு வண்டியின் செங்குத்தான படிகள், எதிரும் புதிருமாக ஆட்கள் நிற்கும் குறுகலான நடைவழி, இறுதியில் குனிந்து படுக்கைக்கு அடியில் தள்ள வேண்டிய இடம். இவற்றில் எங்கும் சக்கரம் உருள்வதில்லை. உருளக் கூடாத இடத்தில்தான் உருள்கிறது: நான்கு பக்கமும் சுழலும் சக்கரப் பெட்டியை ஓடும் வண்டியில் நிறுத்திவைத்தால், வளைவிலும் வேகத்தடையிலும் அது தானாகவே அடுத்தவர் கால்மேல் போய் இடிக்கும்.

செகந்தராபாத் நிலையத்தின் மறுகட்டுமானத்துக்கு 2023 ஏப்ரலில் அடிக்கல் நாட்டப்பட்டது. பணிகள் நடப்பதால் வண்டிகள் சிலவற்றின் புறப்பாடு வேறு நிலையங்களுக்கு மாறியது. 2025 ஜனவரி 6 அன்று திறக்கப்பட்ட சர்லப்பள்ளி புதிய முனையம் நகரின் கிழக்கு விளிம்பில், மெட்ரோ எட்டாத இடத்தில் இருக்கிறது. ஒரு நிறுத்தத் தொலைவில் முடிந்த பயணம் இப்போது ஆட்டோவோ பேருந்தோ தேடும் பயணமாகலாம். பெட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது கணக்கில் எடுக்க வேண்டியது ரயிலை மட்டுமன்று. அறையின் மாடிப்படி முதல் ஊரில் இறங்கி ஏறும் நகரப் பேருந்து வரையான முழு வழியையும்தான்.

ரயில்வேயின் சுமை விதியைப் பலர் அறிவதில்லை. 2025 ஆகஸ்டில் விமான நிலையம்போல் ரயில் நிலையத்திலும் சுமை எடைபோடப்படும் என்ற செய்தி பரவியபோது, புதிய விதி எதுவும் இல்லை, நெடுநாளாக இருப்பதே அது என்று ரயில்வே அமைச்சர் விளக்க வேண்டியிருந்தது. அந்தப் பழைய விதிப்படி படுக்கை வசதி வகுப்பிலும் மூன்றடுக்குக் குளிர்வசதி வகுப்பிலும் கட்டணமின்றி 40 கிலோவும், இரண்டாம் வகுப்பில் 35 கிலோவும் கொண்டுசெல்லலாம். பொதுவாகப் பெட்டியின் அளவு 100 × 60 × 25 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். மூன்றடுக்குக் குளிர்வசதியில் எல்லை இன்னும் சுருங்கி 55 × 45 × 22.5 செ.மீ. ஆகிறது. 28 அங்குலப் பெட்டி ஏறத்தாழ 75 செ.மீ. உயரமும் 30 செ.மீ. தடிமனும் உடையது. அதாவது மாணவர் மிச்சம் பிடித்து வாங்கும் ‘பெரிய’ பெட்டி, தடிமனளவில் எந்த வகுப்பின் எல்லைக்குள்ளும் அடங்குவதில்லை. பரிசோதகர் அளவுநாடாவுடன் வருவதில்லை என்பது உண்மை. ஆனால் படுக்கைக்கு அடியிலுள்ள இடம் அந்த விதியை நாள்தோறும் அமல்படுத்திக்கொண்டுதான் இருக்கிறது. எட்டுப் பேர் பகிரும் தடுப்பில் ஒருவரது பெட்டி உள்ளே போகாவிட்டால் மற்ற ஏழு பேரின் கால்களுக்கு இடமில்லை.

திறக்கும் முறையும் கவனிக்க வேண்டியது. கடின ஓட்டுப் பெட்டிகளில் பெரும்பாலானவை புத்தகம்போல் நடுவில் இரண்டாகப் பிரிபவை. இரவு பத்து மணிக்கு ஒரு போர்வையை எடுக்க, பெட்டியின் பரப்பைப்போல் இரு மடங்கு தரை வேண்டும். துணியால் ஆன பை மேற்புறம் திறக்கும்; பாதி வெளியே இழுத்தாலே போதும். அதோடு பெரிய கடின ஓட்டுப் பெட்டியின் வெற்று எடையே நான்கைந்து கிலோ இருக்கும். நல்ல துணிப்பை ஏறத்தாழ ஒரு கிலோ. அந்த வேறுபாடு நான்கு தடித்த நூல்களின் எடை.

விலை கூடிய பெட்டி பாதுகாப்பானது என்ற எண்ணமும் பரிசீலனைக்குரியது. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 100ஆம் பிரிவின்படி, பயணி தன் பொறுப்பில் எடுத்துச் செல்லும் சுமை தொலைந்தால், ரயில்வேயின் அல்லது அதன் ஊழியரின் கவனக்குறைவோ தவறோ நிறுவப்பட்டாலன்றி நிர்வாகம் பொறுப்பேற்காது. பயணி ஒருவரின் இடுப்பிலிருந்த ஒரு லட்சம் ரூபாய் திருடுபோன வழக்கில், அது ரயில்வேயின் சேவைக் குறைபாடு ஆகாது என்று 2023 ஜூனில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக, காவல் பயணியின் கையில். நடைமேடையில் விற்கும் சங்கிலியும் பூட்டும் பையை யாரும் தூக்கிப் போகாமல் தடுக்கும். ஜிப்பைப் பிரிப்பதைத் தடுக்காது. பேனா முனையால் பிளந்து, மீண்டும் மூடிவிடக்கூடிய ஜிப்புகளே மலிவுப் பெட்டிகளிலும் நடுத்தர விலைப் பெட்டிகளிலும் மிகுதி.

இங்கேதான் ஆய்வாளரின் நிலை மற்றப் பயணிகளினின்று வேறுபடுகிறது. அவர் சுமையில் மீண்டும் வாங்க முடியாத பொருள் துணியன்று. கள ஆய்வுக் குறிப்பேடும், நேர்காணல்கள் பதிவான வன்தட்டும். அவற்றுக்கு எந்தக் கடையிலும் விலைச்சீட்டு இல்லை. அவை பெரிய பெட்டிக்குள் போகவே கூடாது. தலைக்கு வைத்துப் படுக்கும் சிறு பையில், ஒரு நகலை வேறிடத்தில் வைத்துவிட்டுத்தான் பயணப்பட வேண்டும். இந்தப் பிரிப்பைச் செய்துவிட்டால், பெரிய பைக்குச் செலவிடும் தொகையைத் துணிந்து குறைக்கலாம்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. தோளில் சுமக்கும் பை, தோள் வலுவுள்ளவருக்கே உரியது. முதுகுவலி உடையவர், கருவுற்றவர், குழந்தையைக் கையில் பிடித்து வருபவர், வயது கூடியபின் ஆய்வுக்கு வந்தவர் ஆகியோருக்குச் சக்கரம் ஆடம்பரமன்று, பயணத்தையே சாத்தியமாக்குவது. நடைமேடையில் சிவப்புச் சட்டை அணிந்த சுமைதூக்கும் தொழிலாளியை அழைக்க எல்லோராலும் இயல்வதில்லை. 2016இல் அவர்களுக்கு ‘சகாயக்’ எனப் புதுப்பெயர் வழங்கப்பட்டது. ஆயினும் சக்கரப் பெட்டிகள் பெருகியபின் அவர்களிடம் வரும் சுமை சுருங்கியது. இந்த மறுப்பை ஏற்க வேண்டும். ஏற்றபின்னும் விடை கடின ஓட்டு நாற்சக்கரப் பெட்டி ஆகிவிடாது. துணியுடல், பெரிய விட்டமுள்ள இரண்டே சக்கரம், அவையும் ஆணியடித்துப் பொருத்தப்படாமல் திருகாணியால் பூட்டப்பட்டு மாற்றக்கூடியவை: இப்படிப்பட்ட பையே படியிலும் தூக்கலாம், தரையிலும் இழுக்கலாம், படுக்கையடியிலும் அசையாமல் கிடக்கும்.

இவ்வளவு தெளிவான கணக்கு இருந்தும் தேர்வு ஏன் மாறுவதில்லை? காரணம் கூச்சம். செகந்தராபாத் நடைமேடையில் வட மாநிலங்களுக்குச் செல்லும் வண்டிக்காகக் காத்திருக்கும் கட்டடத் தொழிலாளர்களைப் பார்த்தால், பலர் கையில் மூடியிட்ட பெயின்ட் வாளி இருக்கும். உள்ளே துணியும் தட்டும்; மழை புகாது; பொதுப்பெட்டியில் இடமில்லாதபோது அதுவே இருக்கை; போய்ச் சேர்ந்த இடத்தில் குளிக்க நீர் பிடிக்கும் வாளி. பயன்பாட்டின்படி மதிப்பிட்டால் அதற்கு ஈடான பயணப்பெட்டி சந்தையில் இல்லை. தமிழ்நாட்டுக் குடும்பங்களின் கட்டைப்பையும் அப்படித்தான்: ஜவுளிக்கடை இலவசமாய்த் தந்தது, பத்து ஆண்டு உழைப்பது. ஆனால் வாளியையோ கட்டைப்பையையோ பிடித்துக்கொண்டு பல்கலைக்கழக வாயிலில் இறங்க முதல் தலைமுறை மாணவர் தயங்குகிறார். மஞ்சப்பை என்ற சொல் நெடுங்காலம் நாட்டுப்புறத்தானைச் சுட்டும் ஏளனமாக இருந்தது. தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியபோது அந்த ஏளனத்தோடும் சேர்த்தே போராட வேண்டியிருந்தது. பளபளக்கும் பெட்டி ரயிலுக்காக வாங்கப்படுவதில்லை. விடுதி வாயிலில் முதல் நாள் தன்மேல் விழப்போகும் பார்வைக்காக வாங்கப்படுகிறது. மதிப்போடு இறங்க விரும்புவது பிழையன்று. அந்த மதிப்புக்கான விலையை, மிகக் குறைந்த உதவித்தொகை பெறுபவரே மிகக் கூடுதலாகச் செலுத்துவதுதான் பிழை.

ஆகவே தேர்வுக்கு ஓர் எளிய ஒழுங்கு போதும். முதலில் அளவு: 55 செ.மீ. நீளத்துக்குள் அடங்கும் பை எந்த வகுப்பிலும் செல்லும். அடுத்து, கடையிலேயே பைக்குள் பத்துக் கிலோவுக்கு நிகரான பொருளை வைத்து ஒருமுறை மார்பளவுக்குத் தூக்கிப் பார்க்க வேண்டும். கடைக்காரர் சிரித்தாலும் பரவாயில்லை. கைப்பிடி வார் பையின் அடிவயிற்றைச் சுற்றித் தைக்கப்பட்டிருக்கிறதா, விளிம்பில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஜிப்பின் பற்கள் தடித்தவையா என்பதைப் பார்த்தபின் நிறத்தைப் பார்க்கலாம். உத்தரவாதச் சீட்டு பெரும்பாலும் உற்பத்திக் குறையை மட்டுமே பேசும். உண்மையான உத்தரவாதம், தெருமுனையில் தையல் எந்திரத்தோடு உட்கார்ந்திருக்கும் பை பழுதுபார்ப்பவர். அவரால் ரன்னர் மாற்ற முடிகிற, வார் தைக்க முடிகிற பையே மலிவான பை. விரிசல் விட்ட கடின ஓட்டை அவரால் ஒன்றும் செய்ய இயலாது.

சுமையில் கனமானவை நூல்கள். அவற்றைச் சுமக்காமலிருக்க இப்போது வழி இருக்கிறது. 2025 மே 1 முதல் அஞ்சல்துறை நடத்தும் ‘ஞான் போஸ்ட்’ சேவையில், கல்வி நூல்களை 5 கிலோ வரை, வரி நீங்கலாக 100 ரூபாய்க்குள் அனுப்பலாம். மெதுவாகத்தான் போய்ச் சேரும். ஆனால் விடுமுறைக்கு ஊர்போகும் நூலுக்கு அவசரமில்லை.

எனினும் எல்லாவற்றையும் மாணவரின் சாமர்த்தியத்திடம் விட்டுவிடுவது நேர்மையாகாது. கோடை விடுமுறையில் அறையை முழுதும் காலிசெய்யச் சொல்லும் விடுதிகள் பல. இரண்டு மாதத்துக்குப் பிறகு அதே அறைக்கோ அடுத்த அறைக்கோ திரும்பப்போகிறவர், பாய் தலையணை முதல் நூலடுக்கு வரை ஆயிரம் கிலோமீட்டர் கொண்டுபோய்க் கொண்டுவருகிறார். 28 அங்குலப் பெட்டியின் தேவையே இங்குதான் பிறக்கிறது. ஒவ்வொரு விடுதியிலும் பூட்டக்கூடிய ஒரு பொது வைப்பறை, பெயரெழுதி ஒட்டிய சீட்டு, திரும்பப் பெறும்போது ஒரு கையொப்பம்: இதற்குப் பெருநிதி தேவையில்லை, விடுதிக் குழுவின் ஒரு தீர்மானம் போதும். விடுதிக் காப்பாளராகவும் துறைத்தலைவராகவும் இருக்கும் பேராசிரியர்கள் அடுத்த கூட்டத்தில் இதை நிகழ்ச்சிநிரலில் சேர்க்கலாம். அந்த அறை திறந்தால், மெட்டுகுடாவின் வாடகை அறையிலிருந்தோ விடுதியிலிருந்தோ புறப்படும் மாணவர் ஒரு தோள்பையோடு ஊருக்குப் போய் வரலாம்.