மலிவுத் தட்டில் இருக்கும் பியர்

மலிவான பொருள் மட்டமானதாகவே இருக்கும் என்ற எண்ணம் நம்மவரிடையே ஆழ வேரூன்றியது. ஐரோப்பிய நாடுகளில் வாழும் தமிழர்களில் அல்டி, லிட்ல் போன்ற விலைக்கழிவு அங்காடிகளின் படியேறாதவர்கள் மிகச் சிலரே. பால், மா, சீனி, வெங்காயம் என்று வாராந்தம் வாங்கிக் குவிப்பதில் எவருக்கும் தயக்கமில்லை. ஆனால் விருந்தினர் வருகிறார்கள் என்றால் அதே அங்காடியில் வாங்கிய பியர் போத்தல்கள் மேசைக்கு வருவதில்லை. அவற்றை உள்ளே ஒதுக்கிவிட்டு, விளம்பரத்தில் அடிபடும் பெயருள்ள ஒன்றை வாங்கிவந்து வைப்பார்கள்.

வீட்டிலேயே பியர் தயாரிப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்களிடமும் இதே மனப்பாங்கைக் காணலாம். பெல்ஜியத் துறவிமடங்களின் பியரைப் போல் செய்து பார்க்க வேண்டும், இன்ன அமெரிக்க ஆலையின் பியரைப் போல் செய்து பார்க்க வேண்டும் என்று அலைவார்கள். அங்காடியின் ஆகக் கீழ்த்தட்டில் இருப்பதைப் பார்த்துச் செய்ய விரும்புபவர் அரிது. அந்தக் கீழ்த்தட்டில்தான் அவர்கள் தொடங்க வேண்டும் என்பது எனது கருத்து. அங்கிருக்கும் பியர்கள் யாவும் சிறந்தவை என்று நான் கூறவில்லை. குளுக்கோசுப் பாகு சேர்த்துச் சாராயச் செறிவை மட்டும் உயர்த்திய தகரப்பேணிகளும் அங்கே அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைப் பின்பற்றுவதற்கு எதுவுமில்லை. ஆனால் மற்றவற்றுள் நான்கைந்து வகைகள் கற்றுக்கொள்ள விரும்புபவருக்கு நல்ல ஆசான்கள்.

குடிக்குமாறு எவரையும் தூண்டுவது எனது நோக்கமன்று என்பதை முதலிலேயே கூறிவிடுகிறேன். மது நமது சமூகத்தில் எத்தனை குடும்பங்களைச் சீரழித்திருக்கிறது என்பதை அறியாதவனல்லன். இலங்கையில் அனுமதிப்பத்திரமின்றி மதுபானம் தயாரிப்பது சட்டப்படி குற்றம். ஆகவே இங்கு கூறப்படுபவை, அதற்கு அனுமதியுள்ள நாடுகளில் வாழும் வாசகர்களுக்கு மட்டுமே. பிரித்தானியாவில் வீட்டுத் தயாரிப்புக்கான அனுமதிப்பத்திர முறை 1963ஆம் ஆண்டு நீக்கப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவில் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் 1978இல் கைச்சாத்திட்ட சட்டம் மத்திய அரசின் தடையை அகற்றியது. ஜேர்மனியில் குறித்த ஓர் அளவுவரை வரியின்றிச் செய்துகொள்ளலாம். செய்ததை விற்பதற்கு இவ்விலக்குகளில் இடமில்லை.

இனி விடயத்துக்கு வருவோம். ஜேர்மன் பியரின் பெருமை பேசும் எவரும் 1516ஆம் ஆண்டின் தூய்மைச் சட்டத்தை மேற்கோள் காட்டாமல் விடமாட்டார்கள். பவேரியாவின் ஆட்சியாளர் நான்காம் வில்ஹெல்ம் இங்கொல்ஸ்ராட் நகரில் பிறப்பித்த அந்த ஆணை, பியரில் வாற்கோதுமை, ஹொப்ஸ், தண்ணீர் ஆகிய மூன்றைத் தவிர வேறெதையும் சேர்க்கலாகாது என்றது. பலரும் கூறாமல் விடும் செய்தி ஒன்றும் அதே ஆணையில் உண்டு. ஒரு மாஸ் அளவு பியரைக் குளிர்காலத்தில் ஒரு பெனிக்குக்கும் கோடைகாலத்தில் இரண்டு பெனிக்குக்கும் மேல் விற்கக்கூடாது என்பதே அது. ஆணையின் கணிசமான பகுதி விலையைப் பற்றியதே. பியர் தூய்மையாக இருக்க வேண்டும் என்று கட்டளையிட்டவர்களே அது மலிவாகவும் இருக்க வேண்டும் என்று கட்டளையிட்டார்கள். தரமும் குறைந்த விலையும் ஒன்றாக இருக்கமுடியாது என்பது பிற்காலத்தில் விளம்பரக்காரர்கள் கற்றுத்தந்த பாடம்.

அப்படியானால் மலிவு எங்கிருந்து வருகிறது? பவேரியாவின் ஓட்டிங்கர் ஆலை நல்ல எடுத்துக்காட்டு. அந்த ஆலை விளம்பரத்துக்குப் பணம் செலவிடுவதைத் தவிர்த்தது. இடைத்தரகரை விலக்கித் தனது பாரவூர்திகளிலேயே கடைகளுக்கு நேரடியாக அனுப்பியது. இயந்திரமயமாக்கலால் ஆட்செலவைக் குறைத்தது. இதன் பயனாக 2000களில் பல ஆண்டுகள் ஜேர்மனியில் ஆகக் கூடுதலாக விற்பனையான பியர் என்ற இடத்தைப் பிடித்திருந்தது. அதன் மூலப்பொருட்களில் கைவைக்க ஜேர்மன் சட்டம் இடம்கொடுக்காது. அடிநொதிப்பு முறையில் செய்யப்படும் ஜேர்மன் பியரில் அரிசியோ சோளமோ சேர்க்க முடியாது. விலை உயர்ந்த பியரில் இருக்கும் அதே முளைத்தானியம்தான் இதிலும் இருக்கிறது.

அங்காடிகள் தமது சொந்தப் பெயரில் விற்கும் பியர்களின் கதை சற்று வேறு. லிட்லின் பேர்லன்பாகர், அல்டியின் கார்ல்ஸ்குரோன போன்றவற்றை இந்த அங்காடிகள் தாமே காய்ச்சுவதில்லை. ஒப்பந்த அடிப்படையில் ஏதோ ஓர் ஆலை காய்ச்சிக் கொடுக்கிறது. அந்த ஆலையின் பெயர் முகப்புச் சுட்டியில் இருக்காது. இந்த ஒப்பந்தங்களில் அங்காடியின் கை எப்போதும் ஓங்கியிருக்கும் என்பதும், விலையை நசுக்குவதில் அவை ஈவிரக்கம் காட்டுவதில்லை என்பதும் மறைக்கத்தக்க செய்திகளல்ல. ஆனால் அந்தக் குற்றத்தைக் காய்ச்சியவரின் தலையில் கட்டுவது நியாயமில்லை. பத்திரிகைக் காரியாலயங்களில் இரவிரவாக இருந்து செய்திகளைச் செப்பனிடும் உதவி ஆசிரியர்களின் பெயர் மறுநாள் பத்திரிகையில் வருவதில்லை. அதற்காக அந்தச் செய்தி மட்டமானது என்று எவரும் கூறமாட்டார்கள். இந்தப் பியர்களும் அப்படித்தான். பெயரில்லாத ஒரு தொழில் வல்லுநர், மிகக் குறைந்த செலவில், ஒவ்வொரு தடவையும் ஒரே சுவையில் இலட்சக்கணக்கான லீற்றர்களைக் காய்ச்சித் தருகிறார். வீட்டில் ஒரு முறை இருபது லீற்றர் செய்து பார்த்தவருக்குத்தான் அது எவ்வளவு பெரிய வித்தை என்பது விளங்கும்.

நமது கள்ளோடு ஒப்பிட்டால் பியரின் சிக்கல் புலப்படும். பனம்பாளையின் சாற்றில் சீனி இயல்பாகவே இருக்கிறது. காற்றிலும் முட்டியிலும் உள்ள மதுவம் அதைத் தானாகவே நொதிக்கச் செய்துவிடும். வாற்கோதுமையில் இருப்பது மாப்பொருள். அதை முளைக்கவைத்து, உலர்த்தி, நொறுக்கி, ஏறக்குறைய 65 முதல் 67 பாகை செல்சியஸ் வெப்பநிலையுள்ள நீரில் ஒரு மணித்தியாலம் ஊறவைத்தால்தான் தானியத்திலுள்ள நொதியங்கள் மாப்பொருளைச் சீனியாக மாற்றும். பின்னர் வடித்து, ஹொப்ஸ் இட்டுக் கொதிக்கவைத்து, ஆற்றி, மதுவத்தைச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் துப்புரவு தவறினால் அனைத்தும் புளித்துப்போகும்.

தொடங்குபவருக்கு நான் முதலில் காட்டும் போத்தல், மலிவு விலைக் கோதுமைப் பியர். ஓட்டிங்கரும் அதைச் செய்கிறது, அங்காடிகளின் சொந்தப் பெயரிலும் கிடைக்கிறது. வாழைப்பழ மணமும் மெல்லிய கராம்பு மணமும் இதன் அடையாளம். வாழைப்பழமோ கராம்போ இதில் சேர்க்கப்படுவதில்லை. இரண்டுமே மதுவம் தரும் மணங்கள். ஆகவே மதுவத்தைச் சரியாகத் தெரிவுசெய்தால் வேலையில் பாதி முடிந்தது. வைன்ஸ்டெபன் 68 என்ற இனம் இதற்குப் பேர்போனது. இருபது லீற்றருக்குக் கோதுமை மோல்ட் இரண்டரைக் கிலோ, பில்ஸ்னர் மோல்ட் இரண்டு கிலோ போதும். கசப்பு மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்பதால் ஹொப்ஸ் செலவும் சொற்பம். தானியத்தை 65 பாகைக்குக் கொண்டுபோகுமுன் 43 முதல் 45 பாகையில் கால் மணித்தியாலம் வைத்திருந்தால் கராம்பு மணம் கூடும். நொதிக்கும் வெப்பநிலை உயர்ந்தால் வாழைப்பழ மணம் மேலோங்கும். 18 பாகையில் ஒரு தடவையும் 22 பாகையில் ஒரு தடவையும் செய்து பார்ப்பவர், மதுவத்தைப் பற்றிப் புத்தகங்கள் சொல்வதற்கு மேலாகவே அறிந்துகொள்வார். கலங்கலாக இருப்பது இதன் இயல்பு என்பதால் வடிகட்டும் தொல்லையும் இல்லை.

ஓர் எச்சரிக்கை. கோதுமைப் பியரில் வாயு அழுத்தம் அதிகம். நொதித்தல் முற்றாக முடியுமுன் போத்தலில் அடைத்தால் போத்தல் வெடிக்கும். இது மிகைப்படுத்தல் அன்று. அடர்த்திமானி தொடர்ந்து மூன்று நாட்கள் ஒரே அளவைக் காட்டிய பின்னரே அடைக்க வேண்டும். போத்தலும் தடித்ததாக இருக்க வேண்டும்.

பிரித்தானியாவில் வாழ்பவர்களுக்கு லிட்ல் தனது ஹதர்வூட் வரிசையில் விற்ற பேர்ப்பிள் பந்தர் என்ற கறுப்புப் போர்ட்டரைச் சொல்வேன். போர்ட்டர் என்பது பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் சுமைதூக்கும் தொழிலாளர்களால் பெயர்பெற்ற பானம். அதை மலிவுத் தட்டில் காண்பதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. வறுத்த தானியத்தின் சுவை சிறு குறைகளை மறைத்துவிடும். நொதிப்பதற்கும் சாதாரண அறை வெப்பநிலையே போதும். வெளிர் மோல்ட் ஐந்தில் நான்கு பங்கு, மீதிக்குப் பழுப்பு மோல்ட்டும் கிறிஸ்டல் மோல்ட்டும் சிறிது சொக்லட் மோல்ட்டும் என்று தொடங்கி, நாவுக்கேற்பக் கூட்டிக் குறைக்கலாம்.

ஐ.பி.ஏ. வகையைப் பொறுத்தவரை சுவையான வரலாறு ஒன்று உண்டு. ஸ்கொட்லாந்தின் புரூடோக் நிறுவனத்தின் பங்க் ஐ.பி.ஏ.யை நினைவூட்டும் நீலப் பேணியில் அல்டி தனது பியரை விற்றது. 2020ஆம் ஆண்டு புரூடோக் வழக்குக்குப் போகாமல், அல்டியின் பெயரைக் கேலிசெய்து "யால்டி" என்ற பேணியை வடிவமைத்து வெளியிட்டது. அல்டி அதற்கு "ஏ.எல்.டி. ஐ.பி.ஏ." என்ற பெயரைப் பரிந்துரைக்க, அந்தப் பெயரில் புரூடோக் காய்ச்சிய பியரை அல்டியே தனது கடைகளில் விற்றது. இதைவிட முக்கியமானது, அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 2016இல், புரூடோக் தனது இருநூறுக்கும் மேற்பட்ட பியர்களின் செய்முறைகளை இருபது லீற்றர் கணக்கில் இலவசமாக வெளியிட்டமை. மூலத்தின் செய்முறை கையிலிருக்கும்போது அதன் நகலைப் பார்த்து நகல் எடுப்பது வீண்வேலை. பங்க் ஐ.பி.ஏ.யின் செய்முறையை எடுத்து, சின்னூக், சிம்கோ, நெல்சன் சோவின் ஹொப்ஸ்களைப் புதிதாக வாங்கிச் செய்யுங்கள். ஹொப்ஸின் நறுமணம் நாட்பட மங்கிவிடும் என்பதால், கடைத்தட்டில் மாதக்கணக்கில் நின்ற பேணியை வீட்டுப் பியர் வெல்லக்கூடிய வகை இது ஒன்றுதான்.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு ட்ரேடர் ஜோஸ் கடைகளைத் தெரிந்திருக்கும். அல்டி சகோதரர்களில் ஒருவரான தியோ அல்பிரெக்ட் 1979இல் வாங்கிய நிறுவனம் அது. அங்கே ஆண்டிறுதியில் விற்கப்பட்டுவந்த விண்டேஜ் ஏல் என்ற கரிய, செறிந்த பியரைக் கனடாவின் கியூபெக் மாகாணத்திலுள்ள யூனிப்ரூ ஆலை காய்ச்சிக் கொடுத்தது. பெல்ஜிய மதுவம், கறுவா முதலிய வாசனைகளை நினைவூட்டும் சுவை, ஒன்பது வீதச் செறிவு. செய்வது கடினம், பொறுமையும் வேண்டும். மற்றவை கைவந்தபின் முயலலாம்.

எல்லாவற்றிலும் மலிவானதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். பச்சைத் தண்ணீரின் விலைக்கு அருகில் விற்கப்படும் சாதாரண பில்ஸ்னர்தான் வீட்டில் செய்வதற்கு ஆகக் கடினமானது. இதில் வறுத்த தானியம் இல்லை, வாசனை மதுவம் இல்லை, ஹொப்ஸும் அளவோடுதான். மறைப்பதற்கு எதுவுமே இல்லாததால் ஒவ்வொரு பிழையும் நாவில் தட்டும். பில்ஸ்னர் மோல்ட் கொதிக்கும்போது உண்டாகும் ஒரு கந்தகச் சேர்மம், அவித்த சோளத்தின் மணத்தைத் தரும். அதைப் போக்க மூடியைத் திறந்துவைத்து ஒன்றரை மணித்தியாலம் கொதிக்கவைக்க வேண்டும். நொதித்தல் 10 முதல் 12 பாகைக்குள் நடக்க வேண்டும். முடியும் தறுவாயில் 16 பாகைக்கு உயர்த்தி இரண்டு மூன்று நாட்கள் விடாவிட்டால் வெண்ணெய் மணம் தங்கிவிடும். அதன்பின் உறைநிலைக்குச் சற்று மேலே நான்கு வாரங்களாவது கிடக்க வேண்டும். சிறிது ஒட்சிசன் புகுந்தாலும் ஈரக் கடதாசியின் சுவை வரும். பச்சைப் போத்தலில் அடைத்து வெயில் பட்டால் கெட்ட நாற்றம் எழும். பழுப்புப் போத்தல்தான் பாதுகாப்பு.

இத்தனையும் செய்து கணக்குப் பார்த்தால், தானியமும் மின்சாரமும் மதுவமும் சேர்ந்து கடைவிலையைத் தாண்டிவிடும். பணம் மிச்சம் பிடிக்க நினைப்பவர் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம்.

செய்தது கடைப் பியருக்கு இணையாக இருக்கிறதா என்பதை அறிய நேர்மையான வழி ஒன்று உண்டு. டென்மார்க்கின் கார்ல்ஸ்பேர்க் ஆலையில் 1940களில் கையாளப்பட்ட முக்கோணச் சோதனை அது. மூன்று குவளைகள், இரண்டில் ஒரே பியர், ஒன்றில் மற்றது. எது வேறானது என்று, சுட்டியையோ விலையையோ அறியாத ஒருவர் சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு தடவை சரியாகிவிடும் என்பதால் ஒரே ஒரு தடவையில் முடிவுக்கு வரக்கூடாது. பத்துப் பன்னிரண்டு தடவையாவது, வெவ்வேறு ஆட்களைக் கொண்டு நடத்த வேண்டும். விருந்தினருக்கு ஒளித்துவைத்த போத்தலையும் பெயருள்ள போத்தலையும் இதே முறையில் எதிரெதிரே வைத்துப் பார்க்கலாம்.

ஜேர்மனியின் ரூர் பகுதியில், அல்டியின் பிறப்பிடமான எசன் நகரையொட்டி, நம்மவர் பலர் வாழ்கிறார்கள். அங்குள்ள பழைய வீடுகளின் நிலவறைகள் தை, மாசி மாதங்களில் ஏறக்குறைய பில்ஸ்னருக்கு வேண்டிய குளிரிலேயே இருக்கும். குளிரூட்டி வாங்கும் செலவு மிச்சம். தைப்பொங்கல் கழிந்து காய்ச்சினால் பங்குனி நடுப்பகுதியில் போத்தலைத் திறக்கலாம். ஒப்பிடுவதற்கு வாங்கும் கடைப் போத்தலின் காலாவதித் திகதியை மட்டும் கவனித்து, ஆகப் புதிதானதை எடுத்துக்கொள்ளுங்கள்.